பிடியில் முட்டும் ஸ்பீட்லோடர்: மாடல் 19-இன் இடது பலகையை எவ்வளவு செதுக்கலாம்?

ஆறுகுண்டு (கொலம்பஸ், ஒஹாயோ):

அனைவருக்கும் வணக்கம். நான்கு அங்குலக் குழலுடைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ரிவால்வர் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். சிலிண்டரைத் திறந்து பார்த்தால் சட்டத்தில் 19-4 என்று குத்தியிருக்கிறது; ஆகவே 1977-க்கும் 1982-க்கும் இடைப்பட்ட தயாரிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஊசியும் இருக்கிறது. கோன்சாலோ ஆல்வெஸ் மரத்தில் இடமும் வலமுமாக இரண்டு பலகைகளாகச் செய்த பெரிய டார்கெட் பிடியோடுதான் கைக்கு வந்தது. பழுப்பும் கருப்புமாக வரியோடிய அந்த மரத்தின் அழகுக்காகவே இதை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மாதம் ஒருமுறை எங்கள் கிளப்பில் ரிவால்வருக்கு மட்டுமான போட்டி நடக்கிறது. அதில்தான் சிக்கல் தெரிந்தது. நான் வைத்திருப்பது எச்.கே.எஸ். நிறுவனத்தின் 10-ஏ ஸ்பீட்லோடர், அதாவது ஆறு தோட்டாக்களையும் ஒரே தடவையில் சிலிண்டரில் ஏற்றும் சிறு உருளை. காலிக் கூடுகளைத் தள்ளிவிட்டு லோடரைக் கொண்டுபோனால், பிடிக்கு எட்ட இருக்கும் நான்கு தோட்டாக்களின் மூக்குகள் ஒழுங்காக அறைக்குள் நுழைகின்றன. பிடியை ஒட்டிய பக்கத்தில் லோடரின் விளிம்பு இடது பலகையின் மேல்மூலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. லோடர் சாய்கிறது. அந்த நிலையில் குமிழைத் திருகினால் மூன்று தோட்டாக்கள் உள்ளே விழுகின்றன, இரண்டு வாயிலேயே தொங்குகின்றன, ஒன்று தரைக்குப் போகிறது. போன போட்டியில் இப்படி இரண்டு முறை நடந்ததால், சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு முடித்தேன். காலிக் கூடுகளைத் தள்ளும்போதும் சில நேரம் ஒன்று அதே இடத்தில் மாட்டிக்கொண்டு வெளியே விழ மறுக்கிறது.

பலகையைச் செதுக்கினால் சரியாகிவிடும் என்று கிளப்பில் சொன்னார்கள். எவ்வளவு ஆழம், எந்த இடம் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை. மரவேலையில் என் அனுபவம், பெட்டியில் வந்த மேசைக்கு நான்கு திருகாணி போட்டதோடு சரி. செதுக்குவதுதான் வழியா? அல்லது ரப்பர் பிடிக்கு மாறிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

—

தச்சன்மகன் (ஹூஸ்டன், டெக்சாஸ்):

வணக்கம் ஆறுகுண்டு. நான் இதுவரை நான்கு பிடிகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதலாவதைக் கெடுத்தேன், மற்ற மூன்றும் நன்றாக அமைந்தன. ஆகவே கெடுத்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எவ்வளவு ஆழம் என்று நீங்கள் கேட்டது போலத்தான் நானும் கேட்டேன். மூன்று மில்லிமீட்டர் என்று ஒருவர் சொன்னார். சுழலும் உப்புத்தாள் உருளையை ட்ரெமல் என்ற கைமின்கருவியில் மாட்டி, பலகையின் மேற்புறத்தில் கிண்ணம் போல ஒரு குழி தோண்டினேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. லோடர் அப்போதும் முட்டியது, ஏனென்றால் முட்டிய இடம் நான் தோண்டிய குழிக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. அதையும் தோண்டினேன். கடைசியில் மேல்விளிம்பு காகிதம் போல மெலிந்து, ஒருநாள் கழற்றும்போது ஓரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வந்துவிட்டது. மர இழை அந்த மூலையில் குறுக்காக ஓடிக் குட்டையாக முடிகிறது. அங்கே பலமே கிடையாது.

அந்த நாளில் நான் யோசிக்காமல் விட்டது, லோடர் எந்தத் திசையில் பயணம் செய்கிறது என்பதைத்தான். சிலிண்டர் திறந்து இடப்பக்கம் தொங்கினாலும் அதன் அச்சு குழலுக்கு இணையாகவே நிற்கிறது. லோடர் அந்த அச்சின் வழியாகப் பின்னாலிருந்து முன்னால் வருகிறது. பிடியோ பின்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஆகவே லோடருக்குத் தேவை ஒரு கிண்ணம் அன்று. குழலுக்கு இணையாக, பலகையின் தோளைக் கடந்து செல்லும் ஆழமற்ற ஒரு வாய்க்கால். காலிக் கூடுகள் வெளியேறுவதும் அதே வாய்க்கால் வழியாகத்தான். மரத்தின் முகத்துக்கு நேர்க்குத்தாகத் தோண்டுகிறவர்கள் எல்லோரும் தேவையற்ற இடத்தில் மரத்தை இழந்து, தேவையான இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம், கண்மை போதும். முதலில் வழக்கமான எச்சரிக்கை: துப்பாக்கியை இருமுறை சோதித்துக் காலியாக்குங்கள், உண்மையான தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். லோடரில் ஆறு ஸ்னாப் கேப்களை (வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை) பூட்டுங்கள். லோடர் உடலின் வெளிவிளிம்பு முழுவதும் கண்மையை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். போட்டியில் செய்வது போலவே சிலிண்டரைத் திறந்து, லோடரை உள்ளே தள்ளி, வெளியே எடுங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை. என் மாடல் 10 ரிவால்வரில் முதல் முறை விழுந்த கறை பிறைநிலா வடிவில், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் எதிரி. அதைப் பார்த்தபோது, முதல் பிடியில் நான் அள்ளியெறிந்த மரத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிடியைக் கழற்றும்போது பலகைக்கும் இரும்புக்கும் நடுவே திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள், ஓரம் நொறுங்கும். திருகாணியை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, அதன் தலையைத் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானாகக் கிளம்பும். பிடியின் அடியில் சட்டத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசியில் பலகைகள் பொருந்தியிருக்கின்றன. அடிப்பக்கத்தையும் நிதானமாக விடுவியுங்கள். கழற்றிய பிறகு, பிடிச்சட்டத்தின் முன்பக்கத்தில் கீழே ஒரு சிறு திருகாணி தெரியும். முதன்மை வில்லுக்கு அழுத்தம் தருவது அதுதான். அது முழுவதும் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதைத் தளர்த்தினால் சுடும் விசை இலகுவாகும், கூடவே பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) வெடிக்காமல் போகும்.

வெட்டுவதற்கு ட்ரெமல் வேண்டாம் என்பது என் கருத்து. துணி காயப்போடும் கம்பு அளவிலான ஓர் உருளைக் கட்டையை எடுத்து, அதன் மேல் 80-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டுங்கள். லோடரின் வளைவுக்கு நெருக்கமான வளைவு கிடைத்தால் நல்லது. பலகையைத் தோல் துண்டுக்கு நடுவே வைத்து வைஸில் மென்மையாகப் பிடித்துக்கொண்டு, குழலின் திசையில், முன்னும் பின்னுமாகப் பத்து முறை தேயுங்கள். பிறகு பலகையை மாட்டி, மீண்டும் கண்மை, மீண்டும் லோடர். பொறுமை இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும். கறை விழுவது நின்ற பிறகு, ஒரு தடித்த காகித அட்டையின் கனம் கூடுதலாக எடுத்துவிட்டு நிறுத்துங்கள். போட்டியில் கை நடுங்கும், லோடர் நூல் பிடித்தது போல வராது.

முகமூடி கட்டாயம். கோன்சாலோ ஆல்வெஸ் தூள் சிலருக்குத் தும்மல் வரவழைக்கும். கோகோபோலோ, ரோஸ்வுட் போன்றவை இன்னும் மோசம். நம் ஊர் ஈட்டி மரமும் ரோஸ்வுட் இனம்தான். அப்பாவின் பட்டறையில் ஈட்டி இழைத்த நாட்களில் எனக்கு முழங்கை வரை தடித்துப்போகும்.

—

ரொறன்ரோவாசி:

மேலே சொன்ன முறையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மரத்தில் கை வைக்க முன்னர் பார்க்கவேண்டிய வேறு இரண்டு விடயங்கள் உள்ளன.

ஒன்று, முட்டுவது உண்மையிலேயே மரம்தானா என்பது. இந்த வகை றிவோல்வர்களில் சிலிண்டரைத் திறப்பதற்கு அழுத்தும் பெருவிரல் விசை சட்டத்தின் இடப்பக்கத்தில், பிடிக்குச் சற்று மேலே இருக்கிறது. லோடர் சில வேளைகளில் அதிலும் தட்டும். என்னிடமுள்ள துவக்கில் நான் மாதக்கணக்கில் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த விசையின் பின்மூலையில் லோடரின் பிளாஸ்ரிக் உரசிய வெள்ளைக் கோடு இருப்பதைக் கண்டேன். ஆகவே கண்மையை அந்த விசையின் மேலும் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள்.

இரண்டு, லோடர். எச்.கே.எஸ். லோடரில் குமிழைத் திருகித்தான் தோட்டாக்களை விடுவிக்கவேண்டும். தோட்டாக்களும் அதில் சற்றுத் தளர்வாக ஆடும். சஃபாரிலாண்ட் கொம்ப் 2 வேறு விதமானது: தோட்டாக்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும், லோடரை அறைகளுக்குள் செலுத்தி அழுத்தினால், அதன் நடுப்பகுதி, காலிக் கோதுகளை (கூடுகளை) வெளியே தள்ளுவதற்காகச் சிலிண்டரின் மையத்திலுள்ள நட்சத்திரத் தகட்டில் பட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடும். திருகும் அசைவு இல்லாததால் லோடர் பக்கவாட்டில் சரிவதும் குறைவு. எனது மரப்பிடியில் எச்.கே.எஸ். முட்டிய இடத்தை கொம்ப் 2 மயிரிழையில் கடந்து போனது. ஒன்றும் வெட்டாமலே பிரச்சினையின் பாதி தீர்ந்தது. ஆனால் அதே குடும்பத்தின் கொம்ப் 3 வேண்டாம். அது வில்லின் விசையோடு தோட்டாக்களை உள்ளே தள்ளுவதால் வேகமானதுதான். உருவம் பருமனானது, அகலமான பிடிகளோடு அதற்கு ஒத்துவராது.

சிலிண்டரைப் பிடிக்கும் விதமும் கொஞ்சம் உதவும். இடக்கை விரல்களைச் சட்டத்தின் ஊடாக விட்டுச் சிலிண்டரைப் பிடித்திருக்கும்போது, ஓர் அறை நேராகப் பிடியைப் பார்த்திருக்குமாறு விடாதீர்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலான இடைவெளி பிடியைப் பார்க்குமாறு பெருவிரலால் சற்றுத் திருப்பிவிட்டால், காலிக் கோதுகளுக்கும் புதிய தோட்டாக்களுக்கும் கொஞ்சம் வழி கிடைக்கும். வீட்டில் ஸ்னாப் கேப்போடு நூறு தடவை செய்தால் கை தானாகச் செய்யப் பழகிவிடும்.

இங்கே கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளை வாங்கவோ விற்கவோ முடியாதபடி முடக்கியிருக்கிறார்கள். வைத்திருப்பதைப் பேணுவதைத் தவிர எங்களில் பெரும்பாலானோருக்கு வேறு வழியில்லை. அதனால்தான் வெட்டுவதற்கு முன் யோசிக்கச் சொல்கிறேன். அமெரிக்காவில் இருப்பவருக்கு இந்தப் பயம் தேவையில்லாமல் இருக்கலாம்.

—

பழையகூடு (டூசான், ஆரிசோனா):

தச்சன்மகன் சொல்வதை மரவேலையாகப் பார்த்தால் குற்றம் சொல்ல இடமில்லை. பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவன் என்ற முறையில் என் மனம் பதைக்கிறது. முதலில் அந்தப் பலகைகள் என்ன வயதுடையவை என்று பாருங்கள். திருகாணியைச் சுற்றி வைரவடிவில் சொரசொரப்பில்லாத மரம் விடப்பட்டிருந்தால் அதில் உளியையோ அரத்தையோ வைக்காதீர்கள். 1960-களின் பிற்பகுதியில் அந்த வைரத்தைத் தொழிற்சாலை கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஒரு ஜோடிக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையில் நீங்கள் புதிய பிடி இரண்டு மூன்று வாங்கலாம். வலது பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் தொடர் எண் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண் பொருந்தினால், அந்தப் பலகை அந்தத் துப்பாக்கியோடு பிறந்தது. அதை வெட்டுவது, பாட்டியின் காசுமாலையில் ஒரு காசை உருக்கிச் சாவிக்கொத்து செய்வது போல.

உங்களுடையது 19-4 என்பதால் வைரம் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் முந்தைய உரிமையாளர் எதை மாட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

பிடி ஏன் இப்படி முட்டுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாடல் 19 வந்தது 1955-இல். அன்று பெரும்பாலான காவலர்கள் இடுப்பில் தொங்கிய தோட்டாப் பையிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுத்துப் போட்டார்கள். ஸ்பீட்லோடர் போன்ற கருவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தும், சீருடையோடு சேர்ந்த பொருளாக அவை பரவவில்லை. கை நிறையப் பிடிக்க வேண்டும், குறி தப்பக் கூடாது என்பதே டார்கெட் பிடியின் நோக்கம். அதன் அகலமான தோளுக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் உருளை வந்து நிற்கும் என்று வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். 1970 ஏப்ரல் 6 அன்று கலிபோர்னியாவின் நியூஹால் அருகே நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் துப்பாக்கிச் சண்டையில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் துறை பயிற்சியை மாற்றியது, ஸ்பீட்லோடர்களையும் கொண்டுவந்தது. மற்ற துறைகளும் அந்த வழியில் போகப் போக, இடது பலகையின் தோளைச் சரித்துவிடுவது பிடி செய்கிறவர்களுக்கு வழக்கமாயிற்று. பிற்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்த மரப்பிடிகளிலேயே அந்தச் சரிவு உண்டு. ஆகவே என் ஆலோசனை எளிது: லோடருக்கு வழிவிட்டுச் செய்த பிற்காலப் பிடி ஒன்றையோ, வேறு மலிவான மரப்பிடி ஒன்றையோ வாங்கி மாட்டுங்கள். பழையதைப் பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். வாங்கும்போது கே-சட்டத்துக்கான (மாடல் 19-இன் சட்ட அளவுக்கான) பிடிதானா, அதிலும் சட்டத்தின் அடிப்பகுதி சதுரமானதா உருண்டையானதா என்று பார்த்து வாங்குங்கள். உங்களுடையது சதுரமாகத்தான் இருக்கும்.

—

தச்சன்மகன்:

பழையகூடு ஐயா, வைரம் இருந்தால் தொடக்கூடாது என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். அது இல்லாத ஆயிரக்கணக்கான பலகைகள் சாதாரண மரத்துண்டுகள்தான். கைக்கும் வேலைக்கும் ஏற்ப இழைத்துக்கொள்வதற்காகவே மரம் இருக்கிறது. அலமாரியில் துணி சுற்றித் தூங்கும் பிடியால் ஒரு குண்டும் சுட முடியாது.

ரொறன்ரோவாசி சொன்ன பெருவிரல் விசையை நான் மறந்தேபோனேன். நன்றி.

—

ஆறுகுண்டு:

மூவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகளில் செய்ததை ஒழுங்காகப் பதிவு செய்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் பழையகூடு சொன்னபடி பலகைகளைக் கழற்றிப் பார்த்தேன். வைரம் இல்லை. வலது பலகையின் உட்புறத்தில் எண்ணும் இல்லை. யாரோ பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மனச்சாட்சி உறுத்தாமல் மேலே போனேன்.

பிறகு கண்மை. மனைவியின் பெட்டியிலிருந்து எடுத்தேன், எதற்கு என்று சொன்னதும் அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. லோடரின் விளிம்பிலும், ரொறன்ரோவாசியின் பேச்சைக் கேட்டு விசையின் மூலையிலும் தடவினேன். விசையில் வைத்த பொட்டு கலையவில்லை. மரத்தில் இரண்டு கறைகள் விழுந்திருந்தன. ஒன்று எதிர்பார்த்த பிறைநிலா, பலகையின் மேல்மூலையில். இன்னொன்று அதற்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு விரல்கடை தள்ளி, சிறு புள்ளியாக. முதலில் அது தற்செயல் என்று நினைத்தேன். லோடரைக் கண் அருகே வைத்து மெதுவாக உள்ளே தள்ளிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தோட்டாக்களின் மூக்கு அறை வாயைத் தொடும் நேரத்தில் லோடரின் உடல் இன்னும் பின்னால் இருக்கிறது, அப்போதே அது மரத்தில் ஒருமுறை உரசிவிட்டுத்தான் முன்னே வருகிறது. வாய்க்கால் என்று தச்சன்மகன் சொன்னதன் பொருள் அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. பிறையை மட்டும் தோண்டியிருந்தால் நானும் அவருடைய முதல் பிடியைத்தான் செய்திருப்பேன்.

இதற்கிடையில் கிளப் நண்பர் ஒருவரிடம் கொம்ப் 2 கடன் வாங்கிப் பார்த்தேன். ரொறன்ரோவாசிக்கு நடந்தது எனக்கு நடக்கவில்லை; முட்டல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. என் பலகையின் தோள் கொஞ்சம் தடிமனோ என்னவோ. ஆனாலும் அந்த லோடர் எனக்குப் பிடித்துவிட்டது. கை வியர்த்திருக்கும்போது குமிழைத் திருகுவதைவிட நேராக அழுத்துவது எளிது.

ஆகவே செதுக்கினேன். பழைய துடைப்பத்தின் கைப்பிடியை ஒரு சாண் அறுத்து, 80-ஆம் எண் தாளைச் சுற்றினேன். பத்து இழுப்பு, மாட்டு, கண்மை, பார். மீண்டும் பத்து. பதினொரு முறை இப்படிச் செய்ததாக நினைவு. ஆறாவது முறைக்குப் பிறகு பொறுமை இழந்து முப்பது இழுப்பு இழுத்துவிட்டேன். அந்த இடத்தில் வாய்க்காலின் கீழ்க்கரை நான் விரும்பியதைவிட ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. உள்ளங்கை அங்கே படுவதில்லை என்பதால் தப்பித்தேன். மிக ஆழமான இடத்தில் எடுத்த மரம் மொத்தம் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

பிறகு 120, 220, 320 என்று தாள்களை மாற்றி வழவழப்பாக்கினேன். இப்போது புதிய சிக்கல்: தேய்த்த இடம் வெளிறிப்போய், சுற்றியிருக்கும் மரம் நாற்பது ஆண்டு கை எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தேமல் போலத் தெரிகிறது. வார்னிஷ் அடிக்கலாமா?

—

தச்சன்மகன்:

வார்னிஷ் வேண்டாம், பளபளவென்று தனித்துத் தெரியும், பிறகு உரியும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ, ட்ரூ-ஆயில் என்று கடையில் விற்கும் துப்பாக்கி மர எண்ணெயோ போதும். விரல்நுனியில் இரண்டு சொட்டு எடுத்து, மரம் சூடாகும்வரை தேயுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒருநாள் காய விடுங்கள். மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகு நிறம் நெருங்கி வரும். முழுவதும் ஒத்துப்போக மாட்டேன் என்று கோன்சாலோ ஆல்வெஸ் பிடிவாதம் பிடிக்கும், ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டு அதுவும் கறுக்கும். சொரசொரப்புக் கட்டம் வெட்டிய பகுதியில் எண்ணெய் தேங்கவிடாதீர்கள். பிசினாகிவிட்டால் பல்துலக்கியால் தேய்த்தெடுப்பது பெரும்பாடு.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அது காயும்போது உண்டாகும் சூட்டிலேயே தானாகத் தீப்பற்றும். துணியை விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். அப்பாவின் பட்டறையில் ஒருமுறை இரவில் புகை கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

—

கறுப்புப்பிடி (டல்லாஸ், டெக்சாஸ்):

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உள்ளது பழைய ரப்பர் பிடி. அதுவும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. ரப்பரையும் இப்படியே தேய்க்கலாமா?

—

தச்சன்மகன்:

தேய்க்கலாம், ஆனால் ரப்பர் இழுபடும், பிசுபிசுக்கும், உப்புத்தாளில் ஒட்டிக்கொண்டு வரும். ஓர் இரவு ஃப்ரீஸரில் வைத்து, கல் போல இறுகியதும் எடுத்து, கரடுமுரடான உருளையால் விட்டு விட்டுத் தேயுங்கள். இளகத் தொடங்கினால் மீண்டும் ஃப்ரீஸர். சில ரப்பர் பிடிகளுக்குள் இரும்புத் தகடு பதித்திருப்பார்கள். தகடு கண்ணில் பட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். உண்மையில் ரப்பரில் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. லோடருக்கு வழிவிட்டே வார்த்த ரப்பர் பிடிகள் கடையில் கிடைக்கின்றன, மரப்பிடி அளவுக்கு விலையும் இல்லை.

—

ரொறன்ரோவாசி:

ஆறுகுண்டு, காலிக் கோது மாட்டிக்கொள்வதைப் பற்றி முதலில் எழுதியிருந்தீர்கள், பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. லோடர் முட்டினால் நேரம் மட்டும்தான் போகும். கோது மாட்டினால் அதன் விளிம்பு நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நழுவிப் போய்விடக்கூடும்; அப்படி நடந்தால் சிலிண்டர் மூடவும் மாட்டாது, கோதை நகத்தால் கிண்டி எடுக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. வாய்க்கால் வெட்டிய பிறகு அது நின்றுவிட்டதா?

—

ஆறுகுண்டு:

நல்ல கேள்வி. நேற்று மாலை கிளப்பில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லோடர் விடயம் தீர்ந்தது. கொம்ப் 2-வால் இருபது முறை, எச்.கே.எஸ்.ஸால் பத்து முறை ஏற்றினேன். எச்.கே.எஸ். ஒரே ஒருமுறை தயங்கியது, அதுவும் நான் குமிழைப் பாதி திருகியதால். மரத்தில் உரசிய தடம் இல்லை.

காலிக் கூடுகளில்தான் இன்னும் கொஞ்சம் கற்க வேண்டியிருக்கிறது. இந்தத் துப்பாக்கியில் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு வகைத் தோட்டாக்களையும் சுடலாம். .38 ஸ்பெஷல் கூடுகள் ஒவ்வொரு முறையும் ஆறும் விழுந்தன. .357 கூடு அதைவிட ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளம். அவற்றில் இருமுறை ஒரு கூடு அறை வாயிலேயே நின்றுவிட்டது. முதலில் மரத்தின் மேல் பழிபோட்டு மீண்டும் கண்மையை எடுக்கப் போனேன். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையைக் கவனித்துவிட்டு, குழல் தரைக்கு இணையாக இருக்கும்போதே நான் தள்ளுகம்பியை அழுத்துவதாகச் சொன்னார். குழலை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, கம்பியை மென்மையாக அழுத்தாமல் உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்தேன். அதன் பிறகு சுட்ட முப்பது .357 கூடுகளில் ஒன்றும் நிற்கவில்லை. கம்பி முழு நீளத்துக்கும் போகாமல் பாதியில் திரும்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் இரண்டாவது பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. தேமல் இன்னும் தெரிகிறது, ஆனால் தேடிப் பார்த்தால்தான். துடைத்த துணி தண்ணீர் டப்பாவில் இருக்கிறது. கண்மை டப்பாவை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.